கேமரா ஓடுதா

அண்ணன் அறிவுச்செல்வனுக்கு நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டையில் இருப்பது வேறு யாரோ மாதிரி இருந்தது. போன், உளுந்தூர்பேட்டை ரோட்டில் அவனோடு சேர்ந்து நொறுங்கிவிட்டது. நாளை மறுநாள் காரியம். அப்பா கேட்டது ஒன்றுதான்: எலவனாசூர்கோட்டையில் ரோட்டோரம் மகன் முகம் போட்ட ஒரு பேனர்.

அதற்காகத்தான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவன் கடையைத் திறந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்புகள் பழசாகி, திறக்கவே நெடுநேரம் பிடிக்கும் நிலையில் அவனிடம் வரும். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுப்பான். எழுத லிப்ரே ஆபீஸ், படம் பார்க்க விஎல்சி, போட்டோ வெட்ட ஜிம்ப். எல்லாமே இலவசம். கல்வராயன் மலையில் நெட் சரியாக எடுக்காது என்பதால், வேண்டியதைக் கடையிலேயே இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு கரியாலூர் பஸ் ஏறுவான். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த நாட்களில் நானும் அந்தக் கடையில் உட்கார்ந்து பழகியவள்தான்.

அவன் லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. பக்கத்து செல்போன் கடை சின்னதுரை எட்டிப் பார்த்தான்.

"ஃபார்மட் அடிச்சி விண்டோஸ் போட்டுட்டா தெறந்துக்கும்க்கா."

"போட்டோ?"

"அது போயிடும்."

"அப்புறம் இன்னாத்துக்குத் தெறக்கறது?"

அவன் போய்விட்டான்.

அண்ணனின் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு பென்டிரைவ் தொங்கும். அதற்குள் ஒரு முழு லினக்ஸ் இருக்கிறது. அதைச் செருகி அதிலிருந்தே கணினியைக் கிளப்பினேன். பாஸ்வேர்டு இல்லாமலே டிஸ்கில் இருந்ததெல்லாம் தெரிந்தது. படங்களைத் திறந்தேன். பிழைச் செய்தி வந்த திரைகள், கழற்றி வரிசையாக வைத்த ஸ்குரூக்கள், ஒயர்கள். முகம் இல்லை. அவன் லேப்டாப் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

மூடப் போகும்போது துணிப்பையோடு ஒரு அம்மா வந்தார். கரியாலூர் இருசம்மாள்.

"தம்பி இல்லியா கண்ணு?"

"தவறிட்டாருங்க."

பையைக் கீழே வைத்து உட்கார்ந்தார். பிறகு, "அப்ப இத யார்கிட்ட காட்டறது?" என்றவர் உடனே தலையில் அடித்துக்கொண்டார். "நான் ஒருத்தி. இப்பப் போயி கேக்கறேம் பாரு."

"குடுங்க."

மகள் ஜீவாவின் லேப்டாப். பாஸ்வேர்டு போட்டால் உள்ளே விடாமல் திரும்பவும் அதையே கேட்கிறதாம். காலேஜுக்கு எழுதினதெல்லாம் உள்ளே மாட்டிக்கினு கீதாம். அப்படி வந்தால் முதலில் டிஸ்கில் இடமிருக்கிறதா என்று பார் என்பான் அண்ணன். பென்டிரைவைச் செருகிப் பார்த்தேன். துளி இடமில்லை. குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். இறக்கிப் போட்ட நிறுவல் கோப்புகளின் மிச்சத்தை அழித்தேன். போதவில்லை. கேமராப் படங்கள் இருந்த இடத்துக்குப் போனேன்.

"அதெல்லாம் ஜீவா ஆடி ஆடி எடுத்துக்கினது. அழிச்சிடாத கண்ணு, என்ன வூட்டுல சேக்காது."

வீடியோக்களை வேறொரு பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டே மேலே போனேன். ஆகப் பழைய படத்தில் ஜீவா இல்லை. அண்ணன் இருந்தான். பின்னால் இந்தக் கடைச் சுவர். வாயில் ஸ்குரூ டிரைவரைக் கவ்வியிருந்தான். பார்வை கேமராவில் இல்லை, சற்றுக் கீழே, திரையில்.

"மொத போட்டோ தம்பிதுதான்," என்றார் இருசம்மாள். "தன்னையே எடுத்துப் பாத்துட்டுதான் யாருக்கும் குடுக்கும்."

படத்தை என் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். லேப்டாப்பை மறுபடி கிளப்பினோம். மகள் சொல்லி அனுப்பிய பாஸ்வேர்டைப் போட்டதும் உள்ளே போனது. பைக்குள் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"கேமரா ஓடுதான்னு பாத்துடு கண்ணு. தம்பி பாக்குமே."

திறந்தேன். திரையில் என் முகம் வந்தது. அமுக்கினேன். ஓடியது. வீடியோ இருந்த பென்டிரைவையும் சேர்த்துக் கொடுத்தேன்.

ஜிம்ப்பில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து பேனர் கடைக்குப் போனேன்.

"கண்ணு கீழ பாக்குதுங்களே. வேற இல்லீங்களா?"

"இல்லீங்க."

"வாயில கீறதயாவது எடுத்துடட்டா?"

"வேணாம். அப்படியே போடுங்க."

காரியத்தன்று காலையில் பேனர் கட்டினார்கள். அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"வாயில இன்னாம்மா அது?"

"ஸ்குரூ டிரைவர்ப்பா."

"வேலையா இருந்தானா?"

"ஆமாப்பா."

சரி என்று தலையாட்டிவிட்டுப் பந்தலுக்குள் போனார்.