நூறு நாமக்கோழிகள், ஆறு முறை

நாமக்கோழியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் பெயரை நூற்றுக்கணக்கான தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். மகள் படிக்கும் பள்ளியில் உயிரியல் நடத்தும் டீச்சர், பொங்கல் விடுமுறையில் குளம் குளமாகப் போய் நீர்ப்பறவைகளை எண்ணும் கூட்டத்தில் ஒருவர். அந்த வருடம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில், கம்ப்யூட்டரில் அட்டவணை போடத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் சென்னையில் எனக்கு அதுதான் வேலை. எந்தக் கிடங்கில் எந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது என்று எஸ்கியூஎல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் கேள்வி எழுதிப் பதில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு க்வெரி என்று பெயர். பிறகு மேலப்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவர் ஷார்ஜாவில். வீட்டில் நானும் மாமியும் மகளும்தான். சரி என்று பதில் போட்டேன்.

டீச்சர் இரண்டு பைகள் நிறையப் படிவங்களைக் கொண்டுவந்து தந்தார். சில தாள்கள் நனைந்து காய்ந்து மொறமொறவென்று இருந்தன. சிலவற்றில் சேறு. எல்லாவற்றிலும் மேலே குளத்தின் பெயர், எண்ணியவர் பெயர். கீழே வரி வரியாகப் பறவையும் எண்ணிக்கையும்.

மதியம் தொழுதுவிட்டு மாமி படுத்துவிடுவார். மகள் பள்ளிவிட்டு வர நாலரை ஆகும். நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரம் என்னுடையது. ஜன்னலை ஒருக்களித்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன். தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. நத்தைகுத்தி நாரை நாற்பத்தொன்று. அரிவாள் மூக்கன் பதினேழு. முக்குளிப்பான் ஒன்பது. எதையும் நான் பார்த்ததில்லை. பார்க்காததனால்தானோ என்னவோ, அவை எனக்குள் இஷ்டத்துக்குப் பறந்தன. கரண்டிவாயனுக்கு எங்கள் அடுப்படி எண்ணெய்க் கரண்டியின் அலகு. ஊசிவால் வாத்துக்கு மாமியின் தையல் ஊசி. தட்டச்சு செய்துகொண்டே கண் சொக்கும். திரையின் கோடுகள் மெல்ல அசைந்து தண்ணீராகும். ஒவ்வொரு வரியும் ஒரு பறவைக் கூட்டமாக அதில் மிதக்கும். திடுக்கிட்டு விழித்தால், ஒரே எழுத்தை அரைப்பக்கம் அமுக்கி வைத்திருப்பேன்.

எல்லா வரிகளும் உள்ளே போனபின் க்வெரி எழுதத் தொடங்கினேன். சென்னையில் எழுதியபோது அது வெறும் வேலை. இங்கே அது வேறு மாதிரி இருந்தது. கலைந்து கிடக்கும் வரிகளைப் பார்த்து, குளத்தின்படி சேருங்கள் என்று 'குரூப் பை' எழுதினால், அத்தனையும் எழுந்து தத்தம் குளத்தில் போய் இறங்கும். 'வேர்' என்ற ஆங்கிலச் சொல்லால் ஒரு நிபந்தனை வைத்தால், வாத்துகள் மட்டும் தங்கி மற்றவை விலகும். 'சம்' என்றால் கூட்டித் தரும். ஒவ்வொரு முறை எண்டரைத் தட்டும்போதும், யாரோ கரையில் நின்று கை தட்டியதுபோல எனக்குள் ஒரு சிறகடிப்பு. சும்மாவே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சிலர் படிவத்தைத் தாளாகவும் தந்து, அதையே போட்டோ எடுத்து டீச்சருக்கும் அனுப்பியிருந்தார்கள். போட்டோவில் வந்தவற்றை டீச்சர் ஏற்றினார், தாளில் வந்தவற்றை நான் ஏற்றினேன். அதனால் ஒரே பறவைகள் இரண்டு தடவை ஏறிவிட்டன. இதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். க்வெரியில் 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லைச் சேர்த்தால், அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். சேர்த்தேன். இரட்டை வரிகள் மறைந்தன. எனக்குத் திருப்தியாக இருந்தது. டீச்சர் அந்தக் கணக்கை நான்கு பக்கத் தாளாக அச்சடித்து, எண்ணப் போனவர்கள் எல்லோருக்கும் கொடுத்தார். அதில் ஒவ்வொரு குளத்தைப் பற்றியும் ஒரு வரி உண்டு. அதையும் நான்தான் எழுதினேன். நாங்குநேரிக்குத் தெற்கே உள்ள ஒரு குளத்துக்கு, டீச்சர் தந்த முந்தின வருடக் கணக்கோடு ஒப்பிட்டு, 'இங்கு நாமக்கோழிகள் வெகுவாகக் குறைந்துள்ளன' என்று எழுதியிருந்தேன்.

அடுத்த பொங்கலுக்குப் படிவங்கள் வந்தபோது அந்தக் குளத்தின் தாள் இல்லை. டீச்சரிடம் போனில் கேட்டேன்.

"அங்க எண்ணுற அண்ணாச்சி இந்த வருசம் வரலன்னுட்டாங்க," என்றார். "வள்ளியூர் போற தனியார் பஸ்ல கண்டக்டரா இருக்காங்க. போன வருசத் தாளப் பாத்ததுல இருந்தே அவங்களுக்கு மனசு சரியில்ல. நான் எழுதிக் கொடுத்தத வெட்டிட்டிய, அதுக்கு எதுக்கு நான் எண்ணணும்னு கேட்டாங்க. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

நான் யாருடைய கணக்கையும் வெட்டவில்லை என்றுதான் நினைத்தேன். அன்று மதியமே பழைய அட்டவணையைத் திறந்து, அந்தக் குளத்தின் வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்தேன். க்வெரி கூட்டிச் சொன்னதைப் பார்க்காமல் உள்ளே கிடந்த வரிகளைப் பார்த்தேன். நாமக்கோழி நூறு. நாமக்கோழி நூறு. நூறு, நூறு, நூறு, நூறு. கடைசியாக நாற்பது.

இவரும் படிவத்தை ஆறு தடவை அனுப்பியிருப்பாரோ என்றுதான் முதலில் தோன்றியது. எழுந்துபோய்ப் பரணிலிருந்து பழைய பையை இறக்கினேன். அவருடைய தாள் கிடைத்தது. ஒரே ஒரு தாள். நீல மையில் குனிந்த எழுத்து. ஏழு வரிகளும் அதில் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போலச் சின்னதாக எழுதியிருந்தார். முதல் நூறுக்குப் பக்கத்தில் 'மடை பக்கம், 6.10'. அடுத்த நூறுக்கு 'ஆம்பல் கெடக்க இடம், 6.25'. அதற்கடுத்து 'நடுவுல'. 'கருவ மரத்து அடி'. அப்படியே கரையைச் சுற்றி எட்டு மணி வரை.

என் அட்டவணையில் இடத்துக்கும் நேரத்துக்கும் கட்டமே இல்லை. அதனால் ஓரத்தில் இருந்ததை நான் ஏற்றவில்லை. ஓரத்தை விட்டுவிட்டால் ஆறு நூறும் ஒரே நூறுதான். நான் போட்ட சொல் அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்தை அழித்துவிட்டது. அறுநூற்று நாற்பது பறவைகள் நூற்று நாற்பது ஆகிவிட்டன. அதைப் பார்த்து, குறைந்துவிட்டன என்று நானே எழுதியும் வைத்தேன்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து பசிக்கிறது என்றபோதுதான் எழுந்தேன்.

மறுநாள் காலையில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டீச்சர் பஸ்ஸின் பெயரையும் நேரத்தையும் சொல்லியிருந்தார். கண்டக்டர் படிக்கட்டில் நின்றுகொண்டு, "உள்ள ஏறி வாரும்வே, வாசல்ல நின்னா எப்படி," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காதோரம் மட்டும் நரை. நான் நாங்குநேரிக்கு டிக்கெட் எடுத்தேன். கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துத் தந்தார். கூட்டம் குறையும் வரை காத்திருந்து, அவர் முன்பக்கம் வந்தபோது எழுந்து நின்றேன்.

"அண்ணாச்சி, அந்தப் பறவைக் கணக்கு நான்தான் போட்டேன். உங்க தாள்ல தப்பு இல்ல. தப்பு என்னுது."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இரிங்க, இரிங்க, பஸ்ஸு ஆடுது," என்றார். பக்கத்து சீட்டின் ஓரத்தில் தானும் உட்கார்ந்தார்.

நடந்ததைச் சொன்னேன். என் பையிலிருந்து அவருடைய தாளை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு கையிலிருந்த டிக்கெட் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல நூறு சீட்டு. ஒரு கட்டு முடிஞ்சா ஒரு கோடு போட்டுட்டு அடுத்த கட்ட எடுப்போம். இருவது வருசமா இதானே சோலி. குளத்துலயும் நூறு ஆனா கை தன்னால ஒரு வரி எழுதிரும். மொத்தமா அறநூறுன்னு எழுதலாம். ஆனா நடுவுல ஒரு கூட்டம் எந்திரிச்சிப் போச்சுன்னா எங்கன விட்டேன்னு தெரியாதுல்லா."

"சரியாத்தான் எழுதியிருக்கிய."

"அப்ப அந்த ஐநூறு எங்க போச்சு?"

"நான் ஒரு வார்த்த சேத்தேன் அண்ணாச்சி. ஒரே மாதிரி இருக்கிறத அது ஒண்ணாக்கிரும்."

"ஒரு வார்த்தையா," என்றார். கோபம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல்கள் முழுக்கப் பச்சை. பிறகு, "எங்க ஊர்ல அந்தத் தாளப் பாத்துட்டு ஒருத்தர் கேட்டாரு. நீ போயி எண்ணுதேன் எண்ணுதேன்னு சொல்லுத, அங்கன ஒண்ணும் இல்லையாமேன்னு. அதுக்கப்புறம் எனக்கே சந்தேகமா போச்சு தங்கச்சி. நாமதான் பொய்யா பாத்தமோன்னு," என்றார்.

நாங்குநேரி நெருங்கியபோது அவர் கேட்டார்.

"அந்தக் குளத்த நீங்க பாத்திருக்கியளா?"

"எந்தக் குளத்தையும் பாத்ததில்ல."

"ஞாயித்துக்கெழம எனக்கு ட்யூட்டி கெடையாது. டீச்சரையும் கூட்டிட்டு வாங்க. வெள்ளன வரணும்."

மாமிக்கு இது பிடிபடவே இல்லை. "அல்லா எண்ணி வச்சிருக்கான். நீ எதுக்கு வெள்ளன எந்திச்சுப் போற?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, மகளுக்கு ஸ்வெட்டரையும் எனக்குப் பிளாஸ்கில் தேநீரையும் அவரே எடுத்து வைத்தார்.

டீச்சரின் காரில் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. கரையேறியதும் முதலில் எனக்குத் தண்ணீர் தெரியவில்லை. வானம் கீழேயும் இருந்தது, அவ்வளவுதான். பிறகு அதில் கறுப்பாகப் புள்ளிகள். புள்ளிகள் நகர்ந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளையாக ஒரு கீற்று. இத்தனை நாளும் தட்டச்சு செய்த பெயர் இதுதான் என்று உடம்பு புரிந்துகொள்ள சற்று நேரம் ஆயிற்று. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு," என்றாள்.

"உத்துப் பாரு பிள்ள," என்றார் கண்டக்டர். "ஒண்ணு முங்கும், ஒண்ணு அடுத்தத வெரட்டும். ஒண்ணு தூங்கிக்கிட்டே மெதக்கும்."

அவர் பைனாகுலரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். உதடு அசையவில்லை. நானும் எண்ணிப் பார்த்தேன். அறுபத்தெட்டு வரை வந்தேன். அதற்குள் இரண்டு முங்கிவிட்டன.

"முங்குனத எண்ணுவியளா அண்ணாச்சி?"

"மேல வந்தா எண்ணுவேன்."

திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன். எண்ண எண்ண எண்கள் கரைந்துபோயின. நாற்பது என்பது எங்கோ ஒரு சத்தமாக மட்டும் இருந்தது. தூரத்தில் தார்ச்சாலையில் லாரி போனது. ஆம்பல் இலைமேல் ஒரு சின்னப் பறவை நடந்து போனது. நான் நிற்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாத ஒரு நிலை. மதியங்களில் லேப்டாப்பின் முன்னால் கண் சொக்கியபோது வந்த அதே மயக்கம்தான். ஆனால் இங்கே குளிர்ந்தது. செருப்புக்குள் ஈரம் ஏறியது.

கரையைச் சுற்றி முடித்தபோது எனக்கு ஐநூற்று எண்பத்து மூன்று. அவருக்கு அறுநூற்றுப் பதினொன்று. டீச்சர் சிரித்தார். எண்ண வேண்டிய நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இருந்தாலும், குறிப்பு ஒன்று போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கண்டக்டர் படிவத்தில் நூறு நூறாக ஆறு வரியும் பதினொன்றுக்கு ஒரு வரியும் எழுதினார். என் எண்ணிக்கையையும் கீழே எழுதச் சொன்னார். "ரெண்டு பேரு பாத்தா ரெண்டு மாதிரிதான் வரும். இருக்கட்டும்," என்றார்.

வீடு திரும்பியதும் அட்டவணையில் இடத்துக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம், எண்ணியவருக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். முந்தின வருடத் தாள்களை எல்லாம் எடுத்து, ஓரங்களில் இருந்த எழுத்துகளைப் படித்துப் படித்து ஏற்றினேன். பத்து நாள் ஆயிற்று. நிஜமாகவே இரண்டு தடவை ஏறிய வரிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கினேன். க்வெரியிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் கூட்டியபோது, அந்தக் குளத்துக்கு நேரே அறுநூற்று நாற்பது வந்தது. இன்னும் இரண்டு குளங்களிலும் நான் பறவைகளைத் தொலைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அந்த வருடத் தாளின் முதல் பக்கத்திலேயே மூன்று குளங்களின் சரியான எண்ணிக்கையையும் போட்டு, தவறு கணக்குப் போட்டவருடையது, எண்ணியவர்களுடையது அல்ல என்று எழுதினோம். கண்டக்டர் தாளில் பத்துப் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரில் கேட்டவரிடம் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஜனவரியில் அவருக்குத் துணையாக நானும் எண்ணப் போனேன். அன்று குளம் முழுவதும் பனி மூடியிருந்தது. மடையின் மேல் உட்கார்ந்தால் கால் விரல்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் சத்தம் கேட்டது. தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடும் சத்தம், க்ளுக் க்ளுக் என்று முங்கும் சத்தம், எங்கோ தலைக்கு மேலே பெரிய சிறகுகள் கடந்துபோகும் சத்தம். இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏழரை ஆகியும் பனி விலகவில்லை. அன்று அவருக்கு ஒன்பது மணி பஸ்.

"போணும் தங்கச்சி," என்றார். பேனாவைத் திறந்து தாளைப் பார்த்தார். "இதுல என்ன எழுத? ஒண்ணையும் பாக்கலையே. சைபர் போடவா?"

"சைபர் போட்டா ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும் அண்ணாச்சி. சராசரி எடுக்கும்போது அது மத்த வருசத்தையும் கீழ இழுத்துரும். வெறுமனே விட்டுருங்க. எண்ணலன்னு மட்டும் கம்ப்யூட்டர் எடுத்துக்கிடும்."

"கேட்டோம்ல?"

"கேட்டோம்."

அவர் எண்ணிக்கைக்கான இடத்தைக் காலியாக விட்டார். ஓரத்தில் மட்டும், 'மடை பக்கம், 7.30, பனி, சத்தம் உண்டு' என்று சின்னதாக எழுதி, தாளை என்னிடம் தந்துவிட்டு, பைய நடந்து பனிக்குள் போனார்.