போக விடுதல் என்னும் தொடர்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் நான் பணிபுரிந்த நிறுவனத்தை ஆங்கிலேயர் வாங்கிய பின்னர் அங்கே அலுவல் மொழி டேனிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிற்று. டேனிஷ்காரர் இலகுவில் மாறிக்கொண்டனர். மாற இயலாது தவித்தவர் ஒருவரே. அவர் நம்மவர், யாழ்ப்பாணத்தவர். முப்பது ஆண்டுகள் ஜெர்மனியில் வாழ்ந்து, மகளின் திருமணத்தை ஒட்டி இங்கே குடிபெயர்ந்தவர். ஜெர்மன் வாடிக்கையாளரோடு பேசுவதற்காக அவரைச் சேர்த்திருந்தனர். தகுதிகாண் காலம் மூன்று மாதம். அதைக் கடந்தால் ஓய்வு பெறும்வரை வேலை உண்டு. தவறினால், அறுபதை நெருங்கும் ஒருவரை இந்நாட்டில் வேறெவரும் அழைக்கப்போவதில்லை. இதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

என்னிலும் இரண்டு வயது இளையவர். வந்த முதல் வாரத்திலேயே, உணவுக்கூடத்தில் மற்றத் தமிழர் கேட்க, "அண்ணை, நீங்கள் கதைக்கேக்க கீழை அடிக்குறிப்பும் போட்டால்தான் எங்களுக்கு விளங்கும்" என்றார். யாவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயினும் சொல்லை மறப்பவன் அல்லேன்.

அடுத்த வாரம் என்னிடமே வந்தார்.

"அண்ணை, இவங்கட இங்கிலிஸ் தனித்தனியாப் பார்த்தால் விளங்குது, சேர்த்துப் பார்த்தால் ஒண்டும் விளங்கேல்லை. மத்தியானத்திலை கொஞ்சம் சொல்லித் தருவியளோ?"

ஒப்புக்கொண்டேன். அவருடைய ஆங்கிலம் ஜெர்மன் வழியே வருவது. எதுவானாலும் தமக்கு ஒன்றே என்பதை ஜெர்மானியர், இறைச்சிப் பண்டம் ஒன்றின் பெயரால், 'அது எனக்குச் சொசேஜ்' என்று கூறுவர். சரக்கு ஏற்றும் நாள் செவ்வாயா, புதனா என்று கூட்டமொன்றில் மேலாளர் வினவியபோது நம்மவர் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். மேலாளர் உணவு நேரம் ஆகிவிட்டதோ என்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சரியாச் சொன்னனோ, அண்ணை?"

"மிகப் பொருத்தம். அடிக்கடி பயன்படுத்தும்."

பயன்படுத்தினார். உடைந்த சரக்கைப் பற்றி ஆங்கிலேய வாடிக்கையாளர் ஒருவர் முறைப்பாடு செய்த அன்றும், மாற்றுச் சரக்கை எவ்வழியில் அனுப்பலாம் என்ற வினாவுக்கு, தமக்கு அது சொசேஜ் என்றார். எதிர்முனையில் தொலைபேசி வைக்கப்பட்டது.

மூன்றாம் மாதத்தின் இறுதி வெள்ளிக்கிழமை பிற்பகல் மேலாளர் அவரை அழைத்தார். இத்தகைய சந்திப்புக்கு இந்நாட்டில் துணையாக ஒருவரைக் கூட்டிச் செல்லலாம். டேனிஷில் அத்துணைவருக்கு 'பிசிடர்', அதாவது பக்கத்தில் அமர்பவர், என்று பெயர். நம்மவர் என்னையே கேட்டார். பக்கத்தில் அமர்ந்தேன்.

மேலாளர் மென்மையாகப் பேசும் ஆங்கிலேயர். உழைப்பைப் புகழ்ந்தார். வாடிக்கையாளரின் மனக்குறையைத் தொட்டும் தொடாமலும் கூறினார். முடிவில், "வீ வில் ஹேவ் டு லெட் யூ கோ" என்றார். ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதை ஆங்கிலேயர் 'போக விடுதல்' என்பர். கூண்டைத் திறந்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கும் தொடர். கடிதம் பின்னர் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நம்மவர் முகம் மலர்ந்தது. ஜெர்மனியில் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பின் மேற்பார்வையாளர் ஆட்களை நேரத்தோடு வீட்டுக்கு விடுவதுண்டு என்று எனக்கு முன்னரே சொல்லியிருந்தார். எழுந்து மேலாளரின் கையைப் பற்றினார். விடைபெறுகையில் 'போகிறேன்' என்பது அமங்கலம் என்று பழகிய நா அல்லவா? "தாங்க் யூ. ஐ கோ அண்ட் கம்" என்றார்.

மேலாளர் என்னை நோக்கி, விளங்காதது ஏதும் இருந்தால் எங்கள் மொழியில் விளக்குவீரா என்று கேட்டார். தலையசைத்தேன்.

நடைவழியில் நம்மவர் என் தோளைத் தட்டினார். "பாத்தியளே அண்ணை, இண்டைக்கு நேரத்தோட விடுறான்! கடிதமும் வருமாம். அப்ப என்னை நிரந்தரமாக்கிப்போட்டாங்கள்!"

ஒரே வாக்கியம் போதுமாயிருந்தது. எழுவாய் பயனிலை பிழையின்றி அது என்னிடம் ஆயத்தமாக இருந்தது.

"போய் ஓய்வெடும்" என்றேன்.

"திங்கக்கிழமை கேக் கொண்டு வாறன். நாங்களும் டேனிஷ்காரர் மாதிரிச் செய்வம்."

நற்செய்தி உள்ளவர் கேக் கொண்டுவருவது இங்குள்ள அலுவலக வழக்கம்.

திங்கள் காலை கண்ணாடிக் கதவுக்கு வெளியே மழையில் நின்றார். ஒரு கையில் பெரிய பெட்டி. மறு கையால் நுழைவு அட்டையைத் திரும்பத் திரும்ப ஒற்றினார். சிவப்பு விளக்கே எரிந்தது. என்னைக் கண்டதும், "அண்ணை, இந்தக் கதவுக்கு விசர் பிடிச்சிட்டுது!" என்று சிரித்தார்.

கதவைத் திறந்து, உள்ளே நின்றபடியே சொன்னேன்: "கதவில் பிழையில்லை. வெள்ளிக்கிழமை உம்மை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அத்தொடரின் பொருள் அதுதான்."

பெட்டியின் மூடியிலிருந்து நீர் வழிந்தது.

"அப்ப, அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அந்தச் சொசேஜும்?"

"அதுவும்."

"நான் மகளின்ர மாமன் மாமிக்கும் சொல்லிப்போட்டன், அண்ணை." பெட்டியை என்னிடம் நீட்டினார். "இதை உள்ளை வையுங்கோ. வீட்டை திருப்பிக் கொண்டுபோகேலாது."

வாங்கிக்கொண்டேன்.

"போறன்" என்றார். 'போட்டு வாறன்' என்று சொல்லவில்லை.

பெட்டியை உணவுக்கூடத்து மேசையில் வைத்து நானே வெட்டினேன். பாலேடும் செம்புற்றுப்பழம் எனும் ஸ்ட்ராபெரியும் இட்ட நல்ல கேக். கொண்டுவந்தது எவர் என்று மேலாளர் வினவினார். சொன்னேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைத் தட்டில் வைத்து, தட்டை அப்பால் தள்ளினார்.

நான் இரண்டாவது துண்டையும் எடுத்து உண்டேன்.