விமானத்துக்குப் போட்ட சலவைக் குறி

ஈப்போவில் ஈயச் சுரங்கம், தைப்பிங்கில் மரக்கடை, பிறகு கப்பலில் கரி அள்ளும் வேலை என்று அலைந்துவிட்டுப் பினாங்குக்கு வந்தேன். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் ஒரு சலவைத் துறையில் வேலை கிடைத்தது. ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்த நேரம். துறையை நடத்திய பெண்மணி எல்லாருக்கும் அக்கா. வீடு வீடாகச் சைக்கிளில் போய் அழுக்கு மூட்டைகளை எடுத்து வருவதும், சலவைத் துணிகளைத் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. சாப்பாடு உண்டு. படுக்க இஸ்திரி மேசைக்குக் கீழே இடம் உண்டு.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் பாதி வீடுகளின் குறி அவர் தலைக்குள் இருந்தது. சேங்கொட்டைப் பாலில் ஊசியைத் தோய்த்து, தையலோரமாக வீட்டுக்கு ஒரு குறி போடுவார். பக்கத்தில் ஆளுக்கு இத்தனை புள்ளி என்று வைப்பார். அந்தப் பால் பட்டு என் விரல்கள் கொப்பளித்தன. துணியில் பட்டதோ, துணி கிழியும்வரை போகாது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவன். "பேர எழுதிட்டாப் போச்சே அக்கா, எதுக்கு இந்தக் கோலம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரே பேருல எத்தன தொரை இருக்கான் தெரியுமா தம்பி? ஒம் படிப்ப வச்சு மூட்டையக் கட்டிப் பாரு லா, அப்பத் தெரியும்."

அந்த மாதம் பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் இரண்டு குண்டு போடும் விமானங்கள் வந்து நான்கு நாள் நின்றன. ஒவ்வொரு விமானத்து ஆட்களும் அழுக்கைத் தனி மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். அக்கா யோசிக்கவே இல்லை. ஒரு விமானம் ஒரு வீடு. முதல் விமானத்துக்குக் கொக்கி, அடுத்ததற்கு இரட்டைக் கோடு. கொக்கி விமானத்தில் மெக்கானிக்குக்கு உதவியாக ஒரு தமிழரும் இருந்தார், புக்கிட் மெர்தாஜாம்காரர். அவர் சட்டையும் துரைமார் மூட்டையோடு வந்தது. கொக்கி, ஐந்து புள்ளி.

ஐந்தாம் நாள் காலையில் இரண்டும் வடக்கே கிளம்பின. கொக்கி விமானம் தீவுகளை ஒட்டியும், மற்றது நடுக்கடல் வழியாகவும் போக வேண்டும் என்று உத்தரவாம். மதியம் புயல் அடித்தது. இரண்டும் போய்ச் சேரவில்லை. சண்டைக்காலம், பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மலாய் மீனவர்களின் வலையில் இறக்கைத் துண்டு ஒன்றும் துணிப்பை ஒன்றும் சிக்கின. எண் எழுதிய பாகம் கிடைக்கவில்லை. துணிகளில் மையால் எழுதியிருந்த பெயர்களைக் கடல் அழித்துவிட்டது. விழுந்தது எது என்று தெரிந்தால்தான் மற்றதை எங்கே தேடுவது என்று முடிவு செய்ய முடியும்.

திடலில் கணக்கு எழுதும் கிராணி ஒரு சட்டையோடு எங்கள் துறைக்கு வந்தார். மூன்று நாளாகத் திடல் வாசலில் நின்றுகொண்டிருந்த அந்தத் தமிழரின் மனைவியும் பின்னாலேயே வந்தார்.

அக்கா தையலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "கொக்கி. ரெண்டு புள்ளி."

அந்தப் பெண் துவைகல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நாள் அவசரத்தில் சட்டைகளை நான் கட்டியது குறியைப் பார்த்து அல்ல, கழுத்துப்பட்டையில் இருந்த பெயரைப் பார்த்து. ஒரே பெயரில் இரண்டு விமானத்திலும் ஆள் இருந்தான். வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்: "அக்கா, சட்டைய நான் பேரப் பாத்துக் கட்டுனேன். மாறியிருக்கும்."

"அஞ்சாங்கிளாசு!" என்றார். திட்டு அவ்வளவுதான். கிராணியிடம் திரும்பினார். "ஒத்தச் சட்டைய வச்சு வீட்டச் சொல்லக் கூடாது அண்ணே. பையில உள்ள அம்புட்டையும் கொண்டாங்க. பேரு எழுதாத சாமான நான்தான் குறி பாத்துக் கட்டுனேன்."

சாயங்காலம் பை வந்தது. துண்டு, இரட்டைக் கோடு. கைக்குட்டை, இரட்டைக் கோடு. தலையணை உறையைப் புறம் திருப்பினார், அதிலும் இரட்டைக் கோடு.

"இது அடுத்த வீடு," என்றார். "ஒங்க வீட்டுக்காரரு இருக்காரான்னு எனக்குத் தெரியாது தங்கச்சி. இதுல இல்ல. அது மட்டும் தெரியும்."

பிறகு அந்தத் துணிகளை உப்புப் போக அலசி, காயவைத்து, மடித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அவற்றுக்கு உரியவர்கள் இனி உடுத்தப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

துரைமார் ஒரு சலவைக்காரியின் பேச்சை எவ்வளவு நம்பினார்களோ, மறுநாள் தேடும் படகுகள் வடக்குத் தீவுகள் பக்கம் போயின.

சில நாள் கழித்து, எங்களிடம் வாராவாரம் வெளுக்க வரும் ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்தபோது அக்காவின் கை நின்றது. சேறு காய்ந்து மரப்பட்டை மாதிரி விறைத்த சட்டை. கொக்கி, ஐந்து புள்ளி. நான் கத்திவிட்டேன்.

"கூவாத. பொணத்துத் துணியும் இப்படித்தான் வரும். போயி ஆளப் பாரு. அப்புறம் அந்தப் புள்ளகிட்டப் போ."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிறகு பெர்ரி ஏறி, பஸ் பிடித்து, புக்கிட் மெர்தாஜாமில் அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். சட்டை வந்திருக்கிறது என்று தொடங்கினேன். அந்தப் பெண் என்னை முடிக்கவிடவில்லை.

"சட்டையப் பாத்தியா, ஆளப் பாத்தியா?"

"ஆளப் பாத்தேன் அக்கா. கால்ல கட்டு. கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாரு."

செருப்பைக்கூடப் போடாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார்.