தையல் போட்ட வயிறும் மூன்று குட்டிகளும்

எங்கள் வீட்டுப் பூனைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. தெலுங்கில் பூனைக்குப் பில்லி, இந்தியிலும் பில்லி. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு குடியிருப்பில், எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அப்படியே கூப்பிட, அதுவும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது. திருநெல்வேலிக்காரரான என் கணவருக்கு மட்டும் அந்தச் சொல் பிடிக்காது. "பில்லி சூனியம்னு கூப்பிடுத மாதிரி இருக்கு" என்பார். அவராக வேறு பெயர் வைக்கவும் இல்லை. பூனை விஷயத்தில் அவர் தலையிடுவதில்லை. அதுவும் அவர் விஷயத்தில் தலையிட்டதில்லை.

அது கர்ப்பமாக இருந்தபோது பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, உள்ளே அவருடைய பழைய லுங்கி ஒன்றை விரித்திருந்தேன். வேறு மெத்தென்ற துணிகளைப் போட்டுப் பார்த்தும் காலால் தள்ளிவிட்டது. லுங்கியில்தான் சுருண்டு படுத்தது.

அந்தச் சமயத்தில் வீட்டில் இன்னொரு நோயாளியும் இருந்தார். என் கணவருக்குச் சனத்நகரில் ஒரு எஞ்சினியரிங் பட்டறையில் வேலை. மழை நாளில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் வழுக்கி இடது கணுக்காலை உடைத்துக்கொண்டு, முழங்கால் வரை மாவுக்கட்டோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர். டிவியைப் போடுவார், அணைப்பார், ஜன்னல் கொக்கியைக் கழற்றி எண்ணெய் விடுவார்.

பிரசவ வலி கண்ட காலை நான் இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். என் மகள் பால்கனியிலிருந்து கத்தினாள். "மம்மி, குச் கலத் ஹை!" ஏதோ தப்பாக இருக்கிறதாம். கல்லூரியில் படிக்கிறாள், நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இந்தியிலோ தெலுங்கிலோதான் வரும்.

போய்ப் பார்த்தேன். பூனை வாயைத் திறந்து நாயைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பின்புறம் ஒரு சின்ன வாலும் ஒரு கால் பாதமும் வெளியே தெரிந்தன. அதற்கு மேல் வரவில்லை. உடம்பெல்லாம் இறுகும்படி முக்கும், பிறகு தலையைத் தொங்கப் போடும், மறுபடி முக்கும். அதைப் பிடித்து இழுத்துவிட எனக்குக் கை பரபரத்தது. என் கணவர் ஊன்றுகோலை ஊன்றி எப்படியோ பால்கனிக் கதவுவரை வந்துவிட்டார்.

"இழுத்துராத. உள்ள எது எதுல மாட்டியிருக்குன்னு நமக்கென்ன தெரியும்? டாக்டர்ட்ட கொண்டு போ."

மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் எவ்வளவு முயன்றும் ஆட்டோ கிடைக்கவில்லை. சத்தம் கேட்டு மேல்வீட்டுப் பெண் இறங்கி வந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். பூனைக்கு மீன் தலை கொடுத்துப் பழக்கியவர் அவர்தான். என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்பி மாடிக்கு ஓடி ஸ்கூட்டி சாவியோடு வந்தார்.

"ரோனா நக்கோ, ஆபா. பீச்சே பைட்டோ."

அக்கா என்று கூப்பிட்டு, அழாமல் பின்னால் உட்காரச் சொன்னார். துணிக்கூடையில் லுங்கியோடு பூனையை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, துப்பட்டாவால் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அது ஒரு சத்தம் போடவில்லை. கூடை ஓட்டை வழியாக என் விரலை உள்ளே விட்டிருந்தேன். வலி வரும்போதெல்லாம் அதன் நெற்றி அந்த விரலில் வந்து அழுத்தும். வலி விட்டதும் விலகும். அவ்வளவு வலியிலும் ஒரு பிறாண்டல் இல்லை, ஒரு கடி இல்லை.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். பார்த்தவுடன் கையுறை மாட்டினார். மாட்டியிருந்த குட்டியை வழவழப்பான மருந்து தடவிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அது உயிரோடு இல்லை. ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது உள்ளே இன்னும் மூன்று இதயங்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஆனால் தாய்க்கு முக்குவதற்குத் தெம்பில்லை. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், தாமதித்தால் தாயோடு சேர்த்து நான்கு உயிரும் போய்விடும் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்.

நான் வெளியே உட்கார்ந்து என் மேலதிகாரிக்கு போன் செய்தேன். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பதற்றத்தில், "வீட்டில் டெலிவரி சார், இன்னைக்கு லீவு வேணும்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டேன். அவர் மகிழ்ந்து வாழ்த்துச் சொல்லி, ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்று அக்கறையாகக் கேட்டார். எங்களுக்கு இருப்பது கல்யாணமாகாத ஒரே மகள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. மூணு குட்டி சார், பூனை சார் என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. பக்கத்திலிருந்த டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வாசலுக்குப் போனார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மருத்துவரும் உதவியாளரும் தாயின் வயிற்றை மூடும் வேலையில் இருந்ததால் குட்டிகளைத் துடைக்க ஆள் தேவைப்பட்டது. ஆளுக்கொரு துண்டில் ஈரமாக ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். தேயுங்கள், அழுத்தித் தேயுங்கள், தாய் நக்குவதைப் போல என்றார் மருத்துவர். என் கையில் இருந்தது சீக்கிரமே கத்தியது. உதவியாளர் ஒரு கையால் தேய்த்த இன்னொன்றும் கத்தியது. டீச்சர் கையில் இருந்தது எல்லாவற்றிலும் சிறியது, அசையவே இல்லை. அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருக்க, கை நிற்காமல் தேய்த்தது. நானும் எங்கள் வழியில் மனதுக்குள் ஜெபித்தேன். அந்தக் குட்டியின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. இன்னொருமுறை திறந்தபோது கதவு கீல் போல ஒரு சத்தம் வந்தது. டீச்சர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

பிரசவம் முடிந்தது, இனி தாய் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. மயக்கம் தெளிந்த பூனைக்குத் தான் தாயானதே தெரியவில்லை. தூங்கும்போது வயிறு கனமாக இருந்தது. எழுந்தபோது வயிற்றில் தையலும் கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் புனலும் இருந்தன. தையலை நக்கிப் பிரித்துவிடாமல் இருக்க அந்தப் புனல். குட்டிகளைப் பக்கத்தில் வைத்தால் காதை மடக்கிச் சீறியது. அவற்றின் மேல் மருந்து வாசனை. மோந்து பார்க்கலாம் என்றால் புனல் இடித்தது. ஒரு குட்டி ஊர்ந்து வந்து தொட்டதும் எழுந்து, தள்ளாடியபடி சுவரோரம் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

மருத்துவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மல்லாத்தக் கூடாது, குப்புற வைத்தே கொடுக்க வேண்டும். பால் குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருட வேண்டும், அப்போதுதான் சிறுநீர் வரும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அடியில் வைக்க வேண்டும். மகள் வெந்நீரைப் பார்த்துக்கொண்டாள், நான் சிரிஞ்சைப் பிடித்தேன். என் கணவர் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அதன் அருகே அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அது மேல தப்பில்ல. மயக்க மருந்து குடுத்தா எனக்கும் நீ யாருன்னு தெரியாது. அந்த லுங்கி எங்க?"

"கூடையில கிடக்குங்க. ஒரே ரத்தமும் நாத்தமும். நனைச்சுப் போடணும்."

"நனைச்சிராத. அதுல அது வாசனை இருக்குல்லா. குட்டிய அதுல பெரட்டி எடு."

மருத்துவருக்கு போன் செய்து கேட்டேன். செய்யலாம், நல்ல யோசனை என்றார். காய்ந்து போயிருந்த அந்த லுங்கியில் மூன்றையும் துடைத்தெடுத்தோம். புனலையும் கழற்றலாம், ஆனால் யாராவது கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, என் கணவர் தன் காலைக் காட்டினார். "எனக்கு வேற என்ன சோலி?"

புனலைக் கழற்றியும் அன்று முழுக்க அது திரும்பவில்லை. சீறவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் சின்னக் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது குடிக்க மறுத்து, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரலில் வீறிட்டது. சுவரோரம் படுத்திருந்த பூனையின் காது ஒன்று திரும்பியது. பிறகு தலை திரும்பியது. முன்னங்கால்களை ஊன்றி எழுந்து, தையல் இழுக்குமோ என்று பின்காலை அகட்டி அகட்டி வைத்து நடந்து, நேராக என் மடிக்கு வந்தது. குட்டியை மோந்தது. என் கையிலிருந்த சிரிஞ்சையும் மோந்தது. அடுத்த நொடி குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு திரும்பி நடந்தது. தன் இடத்தில் போட்டு, காலால் அமுக்கிக்கொண்டு நக்க ஆரம்பித்தது. தலை, முதுகு, வயிறு என்று ஓரிடம் விடாமல் நக்கியது. குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது. நான் சிரிஞ்சைக் கீழே வைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மற்ற இரண்டையும் பெட்டியிலிருந்து அதுவே எடுத்துப் போனது.

"அவ புள்ளைய நாம களவாண்டு வச்சிருக்கோம்னு இப்பந்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் என் கணவர். அது வரை அவருக்கு 'அது'வாக இருந்தது அன்றிலிருந்து 'அவள்' ஆகிவிட்டது. எனக்கும்தான்.

அதன் பிறகு அவள் செய்ததையெல்லாம் நான் வியந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளை பெற்றவள்தான் நானும். பக்கத்தில் தாயும் அத்தையும் நர்ஸும் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தும் மகளை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் திணறியிருக்கிறேன். இவளுக்கு யார் சொன்னார்கள்? படுக்கும்போது சட்டென்று சாய மாட்டாள். குட்டிகளை மூக்கால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தையல் உள்ள இடத்தைத் தூக்கினாற்போல் வைத்து, மெதுவாக அவற்றைச் சுற்றி வளைந்து படுப்பாள். பால் குடிக்கும் அவசரத்தில் ஒன்று தையலில் உதைத்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். ஆனால் எழுந்து போக மாட்டாள். சாப்பிடக்கூட அவற்றை விட்டு நகரவில்லை. வேகவைத்த கோழியைப் பிய்த்து, படுத்த இடத்திலேயே கையில் வைத்து ஊட்டினேன்.

குட்டிகளை நக்கி முடித்ததும் அவள் நாக்கு தையலுக்குப் போகும். அதற்காகவே காத்திருக்கும் என் கணவர் தன் உள்ளங்கையைத் தையலுக்கு முன்னால் நீட்டுவார். அவள் ஒரு கணம் தயங்குவாள். பிறகு அந்தக் கையையே நக்கத் தொடங்குவாள். லேத் மெஷினில் காய்த்துப்போன கை. பூனை நாக்கு அரம் மாதிரி. நக்கி நக்கிக் கை சிவந்துவிடும்.

"டாடி, ஹாத் ஹட்டாலோ" என்று மகள் கத்துவாள், கையை எடுக்கச் சொல்லி.

"சும்மா இருட்டி. நாலாவது புள்ளைன்னு நெனைச்சிக்கிட்டா போல."

சின்னக் குட்டிக்குத்தான் பாடு. மற்ற இரண்டும் அதை ஏறி மிதித்துத் தள்ளிவிடும். பின்பக்கக் காம்புகளில் பால் அதிகம் என்பதை என் கணவர் பார்த்தே கண்டுபிடித்தார். அங்கே அதை ஒட்டவைத்து, மற்ற இரண்டையும் ஒரு விரலால் தடுத்துப் பிடித்துக்கொள்வார். முதலில் பில்லி அந்த விரலைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு அவர் விரல் வருவதற்காகவே பின்காலைத் தூக்கி இடம் விட்டாள். ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது எட்டிப் பார்த்தேன். கொழுத்த குட்டி ஒன்றை அவள் தன் முன்னங்காலால் அமுக்கி வைத்திருந்தாள். சின்னது பின்னால் தனியாக, நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் காட்டினேன். நீட்டப் போன விரலை மடக்கிக்கொண்டார்.

தையல் பிரிக்கப் போனபோது மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, நாக்குப் படாமல் இவ்வளவு சுத்தமாக ஆறிய தையலைப் பார்ப்பது அரிது என்றார். தையலுக்கு முன்னால் என் கணவர் கையை நீட்டியதைச் சொன்னேன். மருத்துவர் நம்பாமல் சிரித்தார்.

குட்டிகளுக்குக் கண் திறந்தது. நடக்க ஆரம்பித்ததும் மூன்றும் மாவுக்கட்டின் மேல் நகத்தைத் தீட்டி ஏறப் பழகின. மாவுக்கட்டை வெட்டியெடுத்த எலும்பு மருத்துவமனை ஊழியர் அந்தக் கீறல்களைப் பார்த்து என்ன இது என்று கேட்டாராம். பேரப் பிள்ளைகள் என்று என் கணவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒன்றை மேல்வீட்டு டீச்சர் எடுத்துக்கொண்டார். அன்று அவர் கையில் தேய்த்து உயிர் வந்த அந்தச் சின்னதைத்தான் கேட்டு வாங்கினார். இன்னொன்று மகளின் தோழி வீட்டுக்குப் போனது. மூன்றாவது எங்களோடு.

இப்போது அவர் நொண்டாமல் நடந்து வேலைக்குப் போகிறார். பட்டறை அரைநாளோடு முடியும் சனிக்கிழமை மதியங்களில் பில்லி காம்பவுண்ட் சுவரில் ஏறி உட்கார்ந்திருப்பாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பியதும் இறங்கி, அவசரப்படாமல், வாலை நிமிர்த்திக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்து வீட்டுக்குள் வருவாள்.