இருபத்து நான்கும் இடது கை

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தையலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்கடுவவில் காலையில் தேயிலைத் தோட்டத்து வேலை, பின்னேரம் வீட்டில் தையல். பல வருடமாக என் நாள் இப்படித்தான் போகிறது. அப்போதெல்லாம் என் தையல் மெதுவானது. குண்டூசி குத்தி, கையால் நூலோட்டி, மெஷினில் அடித்து, பிறகு ஓட்டிய நூலைப் பிரிப்பேன். ஒரு சட்டைக்கு இரண்டு பின்னேரம் போய்விடும். எழும்பும்போது முதுகு எழும்பாது.

உங்கள் அம்மா ஒன்பது வருடம் மாத்தளையில் கார்மென்ட் தொழிற்சாலையில் தைத்தவள். என் வேலையைப் பார்த்தும் அதுவரை ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தாள். ஒரு வருடம், மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுக்கும் பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பாவாடை வைத்த வெள்ளைச் சட்டை தைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டு வந்தேன். கோயில் பெருநாளன்றுதான் முதல்நன்மை; கையில் இருந்தது இரண்டு கிழமை, பதினான்கே நாள். அந்தப் பன்னிரண்டு பேரில் நம் மூத்தவளும் ஒருத்தி.

"இப்படித் தைச்சீங்கன்னா பெருநாள் முடிஞ்சு அடுத்த பெருநாளும் வந்துரும். தள்ளுங்க" என்றாள் அம்மா.

குண்டூசியை எடுத்து வைத்துவிட்டாள். துணியின் ஓரத்தில் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு வெட்டு, மற்றத் துணியிலும் ஒரு வெட்டு. இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேரே அடிக்க வேண்டும். ஒன்று முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். பக்கத்தை மூடுவதற்கு முன்பே, சட்டை விரிந்து கிடக்கும்போதே சட்டைக் கையைப் பொருத்திவிட வேண்டும். பிறகு கை நுனியிலிருந்து பாவாடை ஓரம் வரை ஒரே ஓட்டம். முதல் இரண்டு நாளும் என் விரல் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டது. அந்தக் கிழமைக்குள் உடம்பும் பாவாடையும் பன்னிரண்டுக்கும் சேர்ந்துவிட்டன.

மிச்சம் இருந்தது சட்டைக் கை மட்டும். கார்மென்டில் எப்படி வெட்டுவார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வெட்டுற பக்கம் நான் போனதே இல்ல. அடுக்கி வச்சு மொத்தமா வெட்டுவாங்களாம். எனக்குக் கட்டாக் கட்டித்தான் வரும்."

அது போதும் என்று நினைத்தேன். சாட்டின் துணியை ஆறு ஆறாக அடுக்கினேன். எல்லாவற்றிலும் பளபளக்கும் பக்கம் மேலே. ஒரே காகித அளவை வைத்து இருபத்து நான்கு கைகளையும் வெட்டி முடித்தேன். இத்தனை வருடமும் துணியை இரண்டாக மடித்து வெட்டியவன் நான். மடித்தால் ஒன்று இடது, ஒன்று வலது என்று தானாக வந்துவிடும். அடுக்கினால் வராது. அது என் மண்டையில் ஏறவில்லை.

பன்னிரண்டு இடது கைகளையும் ஒரே பின்னேரத்தில் தைத்தேன். அடுத்த நாள் மற்றதை எடுத்தால் வளைவு பொருந்தவில்லை. அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் இடது கைதாங்க."

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

துணி முடிந்திருந்தது. டவுன் கடையில் அந்தத் துணிச் சுருளும் முடிந்துவிட்டதாம். வேறு வெள்ளையை வைத்துப் பார்த்தால் தனியாகத் தெரிந்தது. வெட்டிய கையையே புரட்டிப் போட்டால் பளபளப்பு உள்ளே போய் மங்கல். ஒன்றை வெட்டிச் சரிசெய்து மூத்தவளுக்குப் போட்டுப் பார்த்தோம். கைகூப்பினால் முதுகில் இழுத்தது. பூசை முழுக்கக் கைகூப்பி நிற்கிற பிள்ளைகள். இன்னும் நான்கு நாள்தான்.

அம்மா ஒரு சட்டையை விரித்துப் பாவாடையில் காகித அளவை வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு, "ஒரு பாவாடையப் பிரிச்சா பதினோரு கை வெட்டலாம்" என்றாள். யாருடைய பாவாடை என்று சொல்லவில்லை. மற்றப் பதினொன்றும் ஊரார் பிள்ளைகளுடையது.

மூத்தவளே, இனி உன்னிடம்தான் பேசுகிறேன். உன் பாவாடையை நான்தான் பிரித்தேன். அந்த வருடம் சீருடைக்கென்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த வெள்ளைத் துணியில் உனக்கு வேறு சட்டை தைத்தேன். அம்மா காட்டிய முறையில் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. அவ்வளவு வேகமாக நான் எதையும் தைத்ததில்லை. சந்தோசம்தான் வரவில்லை.

நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொன்னேன். சட்டையை விரலால் தடவிப் பார்த்தாய்.

"இது ஸ்கூல் துணிப்பா."

"ஆமா."

"எல்லாரும் கேப்பாங்க. என்னன்னு சொல்றது?"

"அப்பா பிழையா வெட்டிட்டாருன்னு சொல்லு."

சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கேட்டவர்களுக்கும் சொன்னாய், கேட்காதவர்களுக்கும் சொன்னாய். ஃபாதரிடமும் போய்ச் சொன்னாய். தாய்மார் தங்கள் பிள்ளைகளின் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

"கை நல்லாத்தானே இருக்கு அண்ணே, ஒங்க மக ஏன் இப்படிச் சொல்றா?" என்று ஒருத்தி கேட்டாள். புள்ள சொல்றது சரிதான் என்று நடந்ததைச் சொன்னேன். அவள் தன் பிள்ளையின் கையை விட்டுவிட்டு உன் சட்டையைப் பார்த்தாள்.

மணி அடித்ததும் உள்ளே போய்க் கடைசி வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். முழந்தாளிட முதுகு விடவில்லை. பன்னிரண்டு பேரும் இரண்டிரண்டாகப் பீடத்துக்குப் போனீர்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் உன்னைத் தேட வேண்டியிருக்கவில்லை.