உருண்டைக்கு வயிறு சரியில்லாத ஆடி மாதம்

நேற்று மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்து ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கோயம்புத்தூரில் படிக்கிறாள். தோழிகளோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள். போன வாரம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நாய்க்குட்டியை வேறு தூக்கி வந்திருக்கிறார்கள். படத்தில் நாய்க்குட்டி இல்லை. அது டைல்ஸ் தரையில் போட்டு வைத்தது மட்டும் இருந்தது. கீழே ஒரு வரி: 'அப்பா, இது நார்மலா?'

வேறு யாராக இருந்தாலும் தட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டேதான் பார்த்தேன், உங்களிடம் மறைப்பானேன். பாதி வாழ்க்கையை ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கழித்தவனுக்கு இதெல்லாம் ஒரு காட்சியே இல்லை. மோர் ஊற்ற வந்த என் மனைவி அமுதா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாலு குடுத்திருப்பாளுங்க. நிறுத்தச் சொல்லுங்க. சாமக்கஞ்சி கரைச்சி ஊத்தட்டும்" என்றாள்.

கோயம்புத்தூரில் அந்தப் பெண்கள் சாமைக்கு எங்கே போவார்கள் என்று யோசித்தேன். யோசிக்கும்போதே அந்தக் கஞ்சியின் மணம் வந்துவிட்டது. லேசாக அடிபிடித்த, உப்பு மட்டும் போட்ட, மண்வாசனை கலந்த மணம். அதன் பின்னாலேயே பனிமூட்டம் வந்தது. ஈரச் சாக்கும் பினாயிலும் வந்தன. இருபது வருடத்துக்கு மேல் இருக்கும், மலைமேல் ஜமுனாமரத்தூரில் நாங்கள் குடியிருந்த அந்த இரண்டு அறை வீடும் வந்தது.

எனக்கு அங்கேதான் முதல் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். சளி, ரத்தம், மூத்திரம், மலம் என்று சின்னச் சின்ன டப்பாக்களில் வருவதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதை எப்படி வெளியில் சொல்வது? என் அம்மா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் ஆஸ்பத்திரியில டாக்டருக்கு அடுத்தாப்பல" என்று சொல்லிவிட்டாள். அடுத்தாற்போல என்பது உண்மைதான். டாக்டர் அறைக்கு அடுத்த அறைதான் என்னுடையது. நானும் வாயை மூடிக்கொண்டு பஜ்ஜி தின்றேன்.

அமுதாவுக்குச் சந்தவாசல். பஸ் போகிற தெருவில் வீடு. விடிந்தால் அடைந்தால் ஆள் சத்தம் கேட்டு வளர்ந்தவள். வைகாசியில் கல்யாணம் முடிந்து மலைக்கு வந்தபோது, சாயங்காலம் ஐந்து மணிக்கே மூட்டம் இறங்கி வாசலை அடைத்துவிடுவதைப் பார்த்து மிரண்டுபோனாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னிடம் பேசியதெல்லாம், "சாப்புடுறீங்களா", "தண்ணி வெக்கட்டுமா", அவ்வளவுதான். எனக்கும் பேசத் தெரியவில்லை. பகலெல்லாம் டப்பாக்களோடு இருந்துவிட்டு வருகிறவன், சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவதிலேயே பாதி மாலையைப் போக்கிவிடுவேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஆண்டியப்பன். மலைக்காரர். சாமையும் புளியும்தான் அவர் பிழைப்பு. வார்த்தைகளை விதைநெல் மாதிரி எண்ணி எடுப்பார். ஆனி மாதம் ஒருநாள் ஒரு சாக்குப் பையோடு வந்து, வாசலில் நின்றபடியே அதைக் கவிழ்த்தார். "பூரான் பாம்பு வர்ற எடம். ஒண்ணு இருக்கட்டும்" என்றார். போய்விட்டார்.

பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி. வயிறு மட்டும் பந்து மாதிரி உருண்டிருந்தது. நேராக நடு வீட்டுக்கு வந்து, எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிமெண்டுத் தரையில் குளம் கட்டியது. அமுதா கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"இன்னாங்க இது, வூட்டுக்குள்ளயே போவுது! புடிங்க, புடிங்க, அரிசி மூட்டை பக்கம் போவுது பாருங்க!"

கல்யாணமாகி அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். குட்டிக்கு உருண்டை என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

பழக்கும் வேலையை முதலில் நான்தான் எடுத்துக்கொண்டேன். படித்தவன் இல்லையா. மூலையில் பழைய பேப்பரை விரித்தேன். படுக்கச் சாக்கை மடித்துப் போட்டேன். உருண்டை பேப்பரில் சுகமாகப் படுத்துத் தூங்கியது. மற்றதையெல்லாம் சாக்கில் செய்தது. மூன்று நாள் சாக்கைத் துவைத்துப் போட்டேன். அந்த மழைக்காலத்தில் சாக்கு எங்கே காயும்? வீடு முழுக்க அதன் வாடைதான். நான்காம் நாள் அமுதா, "நீங்க வுடுங்க" என்றாள்.

அவள் பேப்பர் எதுவும் விரிக்கவில்லை. குட்டியைக் கவனித்தாள். தூங்கி எழுந்ததும் போகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் போகும். போவதற்கு முன்னால் தரையை முகர்ந்துகொண்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று. அந்த இரண்டாவது சுற்று முடிவதற்குள் அதை அள்ளிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடுவாள். பின்பக்கம் ஒரு பலா மரம். தூறலில், தான் நனைந்துகொண்டு குட்டிக்குக் குடை பிடித்தபடி அதன் கீழே நின்றுகொண்டு, "போடா தங்கம், போய்ட்டு வா, வூட்டுக்குப் போவலாம்" என்று கெஞ்சுவாள். மூட்டத்துக்குள் அவள் குரல் மட்டும் கேட்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் வேலி ஓரம் நின்று அதைக் கேட்டுவிட்டு, அப்போதுதான் வருகிறவன் போல வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன்.

"போனானா?" என்பேன்.

"மூணு தபா. மரத்துகிட்டயேதான்" என்பாள். முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

புதுசாகக் கல்யாணமானவர்கள் என்னென்னவோ பேசிக்கொள்வார்களாம். நாங்கள் இதைத்தான் பேசினோம்.

பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. உருண்டைக்கு வயிறு கெட்டது. இரண்டு சுற்றுக்கெல்லாம் அதனால் பொறுக்க முடியவில்லை. நடந்துகொண்டே போனது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. பாசத்தில் அமுதா வேளைக்கு ஒரு டம்ளர் பசும்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். வயிறு மேலும் உருண்டதே தவிர, விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, அவள் அடுப்படியில் இருக்கிறாள் என்று நினைத்து, பலா மரத்தடியில் குந்தி ஒரு காலித் தீப்பெட்டியில் கொஞ்சம் எடுத்தேன். நிமிர்ந்தால் பின்கதவில் நிற்கிறாள்.

"ஆஸ்பத்திரில ஒருத்தர் இருக்காரு. அவருகிட்டக் குடுத்துப் பாக்கச் சொல்றேன்" என்றேன். அந்த ஒருத்தர் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவள் உள்ளே போய் வந்தாள். தீப்பெட்டியைச் சுற்ற ஒரு பாலிதீன் கவரை எடுத்து நீட்டினாள்.

நோயாளிகள் வருவதற்கு முன்னால் ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். மங்கலான மஞ்சள் வெளியில் மெல்ல நகர்ந்துகொண்டே போனால், வட்டம் வட்டமாக, கருத்து, ஓரமெல்லாம் பலாத் தோல் போலச் சொரசொரப்பாக உருண்டைப் புழு முட்டைகள். எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. அழகாகவும் இருந்தன என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் சொன்னேன். பூச்சி மருந்து கொடுத்தார். "பாலை அறவே நிறுத்துங்க. கஞ்சி, மோரு. பதினஞ்சு நாள் கழிச்சி இன்னொரு தடவ மருந்து" என்றார். மறுநாள் பலா மரத்தடியில் வந்து விழுந்ததைப் பார்த்த அமுதா, அடுத்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் சேமியாவே சமைக்கவில்லை. உருண்டையின் வயிறு வற்றியது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதற்குள் ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை அழைத்துப் போக அவள் தம்பி வந்தான். அவள் பெட்டி அடுக்கும்போது பார்த்தேன். ஒரு மாதத்துக்கு வேண்டிய துணிகளோடு நிறுத்தவில்லை. பட்டுப்புடவைகள், குளிருக்கு வாங்கிய சால்வை, சீப்பு டப்பா என்று அலமாரி முழுக்கக் காலியாகிக்கொண்டிருந்தது. திரும்பி வருவாளா என்று கேட்கத் தைரியமில்லை. பஸ் ஏறும்போது அவள் சொன்னது, "கஞ்சிய ஆற வெச்சிக் குடுங்க. ரெண்டாவது மருந்த மறந்துடாதீங்க. சாயங்காலம் தம்பி போனுக்குப் போடுங்க." பஸ் வளைவில் இறங்கி மறைந்தது.

வீட்டில் அப்போது செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை உண்டு. அதன் உச்சியில் மட்டும் கிடைக்கும். எல்லோரும் அதைச் சிக்னல் பாறை என்றே சொல்வார்கள். ஆறு மணிக்கு வெளியூர் உத்தியோகஸ்தர்கள் எல்லாம் அங்கே ஏறிவிடுவோம். அவரவர்க்கு ஒரு திசை. குடைக்குள் தலையை விட்டுக்கொண்டு, அடுத்தவர் பேசுவது காதில் விழாத மாதிரி நிற்பது அங்கே மரியாதை. எல்லாம் விழும்.

"போனானா?" என்றுதான் அமுதா ஆரம்பிப்பாள்.

"போனான். காலைல கெட்டியா. மதியம் கொஞ்சம் தளர."

"இன்னா கலரு?"

கலரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். காற்று அப்படி. பக்கத்துக் குடையில் நிற்கும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டுவிட்டார். நாய் என்று தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு அவரும் தினம் விசாரிப்பார்.

ஆடி பாதி தாண்டியிருக்கும். ஒரு காலை உருண்டை எழுந்திருக்கவில்லை. கஞ்சியைக் கக்கியது. பின்பக்கம் ரத்தம். டாக்டரம்மா வந்து பார்த்து ஊசி போட்டார். "இது பூச்சி இல்ல, குட்டிங்களுக்கு வர்ற பெரிய வியாதி. ரெண்டு மூணு நாள் தாண்டிட்டா பொழைச்சிக்கும்" என்றார். தாண்டாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பாறையில் நின்று, "நல்லாப் போனான். வெளையாடுறான்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

"வெளையாடுறானா? எதோட?"

"பந்தோட."

"வூட்டுல ஏது பந்து?"

குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குப் பொய் சொல்றீங்க?" என்றாள். கோபமாக இல்லை. அதுதான் என்னைப் போட்டு உடைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம், வாந்தி, ஊசி. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "நான் டாக்டருக்கு அடுத்தாப்பல எல்லாம் இல்ல, அமுதா. ஆய் டெஸ்ட் பண்றவன். தீப்பெட்டியில கொண்டுபோனதப் பாத்தது நான்தான்" என்று, காற்றில் கேட்கட்டும் என்று கத்தியே சொன்னேன். சுற்றியிருந்த குடைகள் எல்லாம் அசையாமல் நின்றன.

அந்தப் பக்கம் சிரிப்பு. அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"அது அன்னிக்கே தெரியும். ஊர்ல எவன் நாய்ப் பீய அவ்ளோ பதனமா, ஓரமெல்லாம் தொடச்சி எடுப்பான்? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்." பிறகு குரல் மாறியது. "சரி, இப்பச் சொல்லுங்க. எத்தினி தபா? தண்ணிய வாய் ஓரமா வுடுங்க. நேரா வுட்டா மூக்குல ஏறிடும். நாலு காலையும் கம்பளில சுத்துங்க."

அப்படியே செய்தேன். அன்று ராத்திரி ஆண்டியப்பன் வந்து, அடுப்புக் கரியை ஒரு சட்டியில் போட்டுக் குட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். மூன்றாம் நாள் மதியம், நான் சுவரில் சாய்ந்து கண் அயர்ந்த நேரம், ஏதோ தரையைப் பிராண்டும் சத்தம். கண் திறந்தால் உருண்டை. நிற்கவே தெம்பில்லாமல் ஆடிக்கொண்டு, பின்கதவின் அடியில் முகர்ந்தபடி ஒரு சுற்று சுற்றியது. கதவைத் திறந்தேன். தானாகவே பலா மரம் வரை தள்ளாடிப் போனது. அதைச் சொல்லப் பாறைக்கு மூன்று மணிக்கே ஓடினேன். வழியில் செருப்பு அறுந்து, ஒற்றைச் செருப்போடு ஏறினேன்.

ஆவணி பிறந்த இரண்டாம் நாள் அமுதா வந்தாள். பஸ்ஸிலிருந்து முதலில் அவள் கொண்டுபோன பெட்டி இறங்கியது. அப்புறம் இன்னொரு பெட்டியும் இறங்கியது. உருண்டை அவளைக் கண்ட சந்தோஷத்தில் அவள் புடவை மேலேயே போய்விட்டது. "பரவால்ல, வெளியிலதான போயிருக்கான்" என்றாள்.

நாங்கள் மாற்றலாகிக் கண்ணமங்கலம் வந்தபோது உருண்டையும் எங்களோடு இறங்கியது. பதினோரு வருடம் இருந்தது. எங்கள் மகள் அதன் முதுகைப் பிடித்துத்தான் எழுந்து நின்றாள். போன வருடம் ஜமுனாமரத்தூர் போனேன். ஆண்டியப்பன் வீட்டு இடத்தில் ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. பலா மரம் இல்லை. அவர் மகனோடு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டாராம். பாறையைச் சாலை அகலப்படுத்த உடைத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் மேலே ஏற வேண்டிய தேவை இல்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த ஆடி மாதம், நாய்க்குட்டியின் சமாசாரம் எல்லாம் பேசி முடித்த பிறகும் நாங்கள் போனை வைக்கமாட்டோம். சொல்ல வேறு ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கம் அவர்கள் தெருவில் பஸ் போகும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் என் குடைமேல் மழை. யார் முதலில் வைப்பது என்று தெரியாமல், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்போம். இப்போதெல்லாம் ஒருநாளைக்குப் பத்து முறை பேசிக்கொள்கிறோம். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அமுதா பட்டென்று வைத்துவிடுகிறாள். நானும்தான்.