விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

ஈரச் சிமெண்டின் வாசனை பலருக்குப் புதுமனை புகுவிழாவை நினைவூட்டும். வாழைமரம், பால் பொங்குவது, பந்தி என்று மனம் நல்ல திசையில் போகும். எனக்கோ அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கண் தானாகக் கூரைக்குப் போய், அங்கிருந்து சுவர் வழியாக மெல்ல இறங்கும், அதற்குப் பிறகுதான் யாருடைய வீட்டில் நிற்கிறேன் என்பதே நினைவுக்கு வரும். இத்தனை வயதாகியும் என்னை விடாத இந்தப் பயம், நான் நான்காம் வகுப்புப் படித்த மழைக்காலத்தில், ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பிடித்தது.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த பழைய வீடு அது. நீளமான கருங்கல் பலகைகளைச் சுவருக்குச் சுவர் பரப்பி, மேலே காரை போட்டு மூடிய கூரை. அந்தக் கற்களை எங்கள் தெருவில் "சப்படி" என்பார்கள். வீட்டை அப்பா "லீஸு"க்குப் பிடித்திருந்தார். கையில் இருந்ததையெல்லாம் மொத்தமாக ஓனரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது அதைத் திருப்பி வாங்கிக்கொள்வது என்ற ஏற்பாடு. ஆகவே ஓனருக்குக் கோபம் வந்தால் எங்கள் கதி என்ன என்ற கவலை வீட்டில் எப்போதும் உண்டு. அவர் ஊருக்கு வெளியே அத்திபெலேயில் இருந்தார். சமையலறையைச் செலவு செய்து திருத்திக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டபோது, "என்ன வேணா பண்ணிக்கோங்க, சொவத்துல மட்டும் கை வெக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

திருத்த வேண்டும் என்ற ஆசை அம்மாவுடையது. அம்மா "கார்மெண்ட்ஸ்"ல் தையல் மெஷினில் உட்காருபவள்; காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராது. வீட்டுக்கு வந்தால் ஸ்டவ் தரையில் இருக்கும், மறுபடியும் உட்கார வேண்டும். "நாள் பூரா உக்காந்தே சாவறேன். சமைக்கிற நேரத்துலயாவது நான் நிக்கணும்" என்பாள். வேறெதையும் அவள் அப்பாவிடம் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டதில்லை. அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார், இரும்பில் எதைக் கேட்டாலும் செய்து தருவார், ஆனால் நின்று சமைக்கும் மேடைக்குச் செங்கல்லும் கல்லும் அல்லவா வேண்டும்! கையில் காசு இல்லாதவர் வீடு கட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் எங்கள் வேலையும் நடந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இடித்துக்கொண்டிருந்த பங்களா ஒன்றிலிருந்து ஓரம் உடைந்த கடப்பாக் கல் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. குழாயும் சிங்க்கும் "குஜிரி"யில், அதாவது பழைய சாமான் கடையில், தேறின. மேடைக்குக் கால் எழுப்பச் செங்கல் மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் அப்பாவின் கண்ணில் அந்தத் துண்டுச் சுவர் பட்டது. அடுப்பு மூலைக்கும் முன்பு குடியிருந்தவர்கள் குளித்த மூலைக்கும் நடுவே, பக்கச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு, தரையிலிருந்து கூரை வரைக்கும் நின்ற சுவர் அது. மேடை வர வேண்டிய இடத்தில் வழியை மறித்துக்கொண்டு நின்றது. "இது சும்மா குளிக்கிறதுக்கு மறைவா வெச்சது. இத எடுத்தா எடமும் ஆச்சு, செங்கல்லும் ஆச்சு" என்றார். அப்பாவின் சிநேகிதர் ஆரோக்கியம் மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்கும் சிநேகத்துக்குமாக எங்களுக்கு வேலை செய்தவர், சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "ஓனரு ஒத்துக்குவாரா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். "இது சொவரா? இது தட்டி" என்றார் அப்பா. இருவரும் சிரித்துக்கொண்டே இடித்தார்கள். நானும் தங்கையும் செங்கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் அடுக்கினோம்.

மேடை எழுந்தது. கடப்பாக் கல்லைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்து, அம்மா அதன்முன் நின்று முதல் தோசை வார்த்தாள். வார்த்துக்கொண்டே இடுப்பில் கையை வைத்து எங்களைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையில் இருந்த மிதப்பை அதற்கு முன் நான் அவளிடம் பார்த்ததில்லை. அந்த வாரம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில், துண்டுச் சுவர் இருந்த இடத்துக்கு மேலே, கூரைக் கல் உட்கார்ந்திருக்கும் முனையிலிருந்து பக்கச் சுவரில் ஒரு கோடு இறங்கியிருந்தது. முதலில் தலைமுடி ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். சில நாளில் அதற்குள் என் நகம் நுழைந்தது. மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார், சிரிப்பே வரவில்லை. கூரைக் கற்களில் ஒன்று எப்போதோ கீறல் விட்டதாம். அதைத் தாங்கத்தான் யாரோ அந்தத் துண்டுச் சுவரை வைத்திருக்கிறார்களாம். "நாம அத தட்டின்னு சொன்னோமே மச்சான்" என்றார், குரல் இறங்கிப் போயிருந்தது. ஒரு துண்டுக் கண்ணாடி கேட்டார். உடைந்த சாமி படத்துச் சட்டத்திலிருந்து, ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட கண்ணாடியைச் சிறு பட்டையாக நறுக்கி, விரிசலுக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பி ஒட்டினார்.

"இது உடையாத வரைக்கும் சொவரு நகரலன்னு அர்த்தம். உடைஞ்சிச்சின்னா அன்னிக்கே மேடைய இடிச்சி, அந்தச் செங்கல்லையே வெச்சி பழைய எடத்துல சொவர எழுப்பிடணும். யோசிக்கவே கூடாது" என்றார். அப்பா சரி என்று தலையாட்டினார். அம்மா கடப்பாக் கல்லின் மேல் இருந்த ஈரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னவில்லை. எழுந்ததும் கண்ணாடி. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் கண்ணாடி. ரயில் போகும்போது தரை அதிரும், மேடையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும், கண்ணாடிப் பட்டை மெலிதாக ஒலிப்பதாக எனக்குத் தோன்றும். உண்மையில் ஒலித்ததோ என் பல் தந்தியடித்ததோ, தெரியவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டில் இருந்த மும்தாஜ் அக்கா மசாலா இடிக்க உட்கார்ந்தால் ஒவ்வோர் இடிக்கும் எனக்குத் தோள் தூக்கிப் போடும். போய் நிறுத்தச் சொல்லலாம் என்றால், ஏன் என்று கேட்பாள், விஷயம் ஓனர் காதுவரை போய்விடும். இடிக்கட்டும் என்று காதைப் பொத்திக்கொள்வேன்.

மழை இன்னும் வலுத்தபோது அம்மா மாறிப்போனாள். அதுவரை நாங்கள் மேடையில் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு தின்றால் ஒன்றும் சொல்லாதவள், திடீரென்று, "சமையக்கட்டுல எவளாவது கால் வெச்சா கால ஒடிச்சி அடுப்புல வெப்பேன்" என்று கத்தினாள். தண்ணீர்ப் பானையைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். சாப்பாடு கூடத்தில். அப்பா தட்டைக் கழுவ உள்ளே போனால்கூட வாங்கிக்கொண்டு, "ஆம்பளைக்கு அங்க இன்னா வேலை" என்று விரட்டினாள். புது மேடை வந்ததும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று அப்பா கேலி செய்தார். எனக்கும் ஆத்திரம்தான். அழுக்காகிவிடும் என்று பெற்ற பிள்ளைகளை விரட்டுகிறாளே என்று தங்கையிடம் பொருமினேன்.

ஒரு சாயங்காலம், அவள் வேலையிலிருந்து வருவதற்கு முன், வீம்புக்கென்றே உள்ளே போனேன். வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. ஆனால் பச்சைக் கோடு இல்லை. ஒட்டியிருந்த சிமெண்ட் புதிதாக, கறுப்பாக இருந்தது, அதில் அம்மாவின் விரல் பதிந்த தடம். பட்டையின் ஓரம் நறுக்கியதுபோல் நேராக இல்லாமல் கோணலாக இருந்தது. கூடத்துக்கு ஓடி வந்தேன். சுவரில் அவர்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. எப்போதும் வாசல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் படம், அன்று மங்கலாக, வெறும் காகிதமாக இருந்தது. நாற்காலி போட்டு ஏறித் தொட்டேன். விரலுக்குக் காகிதம்தான் தட்டுப்பட்டது.

நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி ஒட்டிய கண்ணாடி உடைந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். மேடை போய்விடும் என்று யாருக்கும் சொல்லாமல் வேறொன்றை ஒட்டிவிட்டு, எங்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, அந்தக் கூரைக் கல்லின் கீழே தான் மட்டும் நின்று எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் காலையில் அவள் உள்ளே நிற்க, நான் பல் விளக்குகிற சாக்கில் சமையலறை வாசற்படியிலேயே நின்றேன். நான் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கூரை விழாது என்று எப்படியோ நம்பினேன். ரயில் வந்தது. அவள் கரண்டியை வைத்துவிட்டு மேலே பார்த்தாள், பிறகு மறுபடி கிளறினாள். அவளுக்கும் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், அது என் பயத்தைவிடப் பெரிய பயமாக எனக்குள் இறங்கியது.

அடக்க முடியவில்லை. பால் வாங்கக் கூட்டிப்போன அப்பாவிடம் தெருவிலேயே அழுது கொட்டிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றார். இப்போது வீட்டுக்கு ஓடிப் போய்க் கடப்பாரையை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "நீ எங்கிட்ட சொன்னது அம்மாவுக்குத் தெரிய வேணாம் பாப்பா" என்றார், பால் வாங்க மறந்து திரும்பி நடந்தார்.

மறுநாளே மேஸ்திரியும் அவரும் "குஜிரி"யிலிருந்து ஒரு துண்டுத் தண்டவாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். உயரத்துக்குத் தகுந்தாற்போல் பட்டறையில் அறுத்து, நடுநடுவே துளைகள் போட்டிருந்தது. "இன்னாத்துக்கு இந்த இரும்பு?" என்றாள் அம்மா. "ஏனம் அடுக்க ஸ்டாண்டு. எடம் பத்தலன்னு நீதான சொன்னே." "நான் எப்போ சொன்னேன்?" "சொன்னே, சொன்னே" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். மேடையை ஒட்டி அதைச் செங்குத்தாக நிறுத்தி, கூரைக் கல்லுக்கும் அதற்கும் நடுவில் இரும்புத் தகடுகளைச் செருகிச் சம்மட்டியால் அடித்து இறுக்கினார்கள். அடிக்கும்போது எங்களைத் தெருவுக்கு அனுப்பிய அம்மா, தான் வராமல் உள்ளேயே நின்றாள். ஒவ்வோர் அடிக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் துளைகளில் பலகைகளை மாட்டினார்கள், அம்மா குண்டான்களை அடுக்கினாள். விரிசல் அதற்குப் பிறகு வளரவில்லை. சில நாள் கழித்து நாங்கள் மேடையில் ஏறி உட்கார்ந்தபோது அவள் விரட்டவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, கீழே கார்கள். தண்டவாளம் வந்த கடைக்கே திரும்பிப் போயிருக்கும். ஆரோக்கியம் மேஸ்திரி இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா என்னோடு ஹொரமாவில் இருக்கிறாள். போன மாதம் எங்கள் சின்னச் சமையலறையைக் கையில் இருப்பதை வைத்துத் திருத்தத் தொடங்கினோம். வேலைக்கு வந்தவர் நடுச்சுவரைத் தட்டி, "மேடம், இத எடுத்துட்டா ஓப்பன் கிச்சன் ஆயிடும்" என்றார். வேண்டவே வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் அவர் இரண்டடி பின்னால் போனார்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சமாளிக்க, "ஜீவனஹள்ளியில அப்பா போட்டாரே, அந்த மாதிரி ஒரு ஸ்டாண்டு போட்டா போதும்" என்றேன்.

"நாலு குண்டான் வெக்க எவனாவது தண்டவாளத்தத் தூக்கிகினு வருவானா?" என்றாள் அம்மா. "நீ போய் அப்பாகிட்ட சொல்லியிருக்கே. அவரு தெரியாத மாதிரி இருந்தாரு. சரின்னு நானும் இருந்துட்டேன், கடைசி வரைக்கும்."

நான் பதில் சொல்வதற்குள் அலமாரிக்காகச் சுவரில் துளை போட டிரில் ஓடத் தொடங்கியது. மேடைப் பாத்திரங்கள் அதிர்ந்தன. அம்மா என் கையைப் பிடித்து, "நீ கூடத்துக்குப் போ" என்று தள்ளினாள், தான் நகராமல் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போகவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.